கழற்றிய கியரை வைத்து வழக்கு போடலாமா?

கேள்வி: பென்னாகரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2024 நவம்பரில் ஓசூரில் ஒரு கடையில் மகனுக்கு 16,800 ரூபாய்க்கு 21 கியர் சைக்கிள் வாங்கினேன். ஐந்தாவது மாதமே வலது கை கியர் லிவர் அழுத்தினால் பிடிக்காமல் போனது. மூன்று முறை வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு போனோம். கடைசி முறை 19 நாள் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். "மலை ரோட்டில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று நாலு பேர் முன்னால் கடைக்காரர் சத்தம் போட்டார். பிறகு எங்கள் ஊர் மெக்கானிக் லிவரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, வேறு வகையான, கைப்பிடியில் முறுக்கி மாற்றும் கியரை மாட்டிக் கொடுத்தார். இப்போது பழைய லிவரைக் கொடுத்தால் புதியது இலவசமாகப் போட்டுத் தருகிறோம் என்கிறது கடை. எனக்கு மனம் ஒப்பவில்லை. சைக்கிள் விலையும் ஒரு லட்சம் நஷ்டஈடும் கேட்டு வழக்கு போடலாமா? உழைக்காத வகை கியரைப் போட்டு ஏமாற்றியதை நிரூபிக்க முடியுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் வழக்கின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது ஒரே வரிதான்: "எங்கள் ஊர் மெக்கானிக் லிவரைக் கழற்றிப் பார்த்தார்." கடைக்காரர் பேசியது, வண்டி வாடகை, அவமானம், எல்லாம் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. ஆனால் நுகர்வோர் ஆணையம் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: லிவர் கெட்டது தயாரிப்பிலேயே இருந்த குறையாலா, பிறகு வந்த காரணத்தாலா? அதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது.

பார்த்த மாத்திரத்தில் தெரியாத குறை என்றால், பொருளை வாங்கி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆவது பிரிவு. ஆய்வுக் கட்டணத்தை உங்களைத்தான் கட்டச் சொல்வார்கள். சரி, எதை அனுப்புவீர்கள்? மூடி திறந்து, ஸ்பிரிங் வெளியே வந்து, கவரில் போட்டு வைத்திருக்கும் துண்டுகளையா? "எங்கள் பொருளில் குறையே இல்லை, கழற்றியவர்தான் கெடுத்தார்" என்று எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் பதில் மனுவை முடித்துவிடும். அதற்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை.

இதை நான் வெறுமனே பயமுறுத்தச் சொல்லவில்லை. காரிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், வாங்கி இரண்டே மாதத்தில் எரிந்துபோன மோட்டாருக்காக என்னிடம் வந்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம்தான். ஆனால் பயிர் காய்கிறதே என்று காயிலை ரீவைண்டிங் செய்துவிட்டார். கருகிய செம்புக் கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஆய்வுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சவில்லை. புகார் தள்ளுபடி ஆனது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததிலிருந்து, பொருள் கெட்டது என்று யார் வந்தாலும் என் முதல் கேள்வி, "யாராவது கை வைத்தார்களா?" என்பதுதான்.

இன்னொன்று சைக்கிள் வழக்கே. பாலக்கோட்டு இளைஞர் ஒருவர். உங்களுடையதைப் போலவே கட்டைவிரலால் அழுத்தும் லிவர், அழுத்தினால் வெறுமனே போய் வந்தது. அவர் எதையும் கழற்றாமல் பத்திரமாக வைத்திருந்தார். சமரசப் பேச்சுக்கு எதிர்த்தரப்பு ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தது. அவர் மேல் மூடியை மட்டும் நீக்கி, உள்ளே கிளீனரை அடித்து, லிவரை இருபது முப்பது முறை அழுத்தினார். பழுப்பு நிறத்தில் கெட்டியான கிரீஸ் கரைந்து வழிந்தது. அப்புறம் ஒவ்வொரு அழுத்தலுக்கும் டக், டக் என்று கியர் விழுந்தது. கூடத்தில் யாரும் எதுவும் பேசவில்லை. தயாரிப்புக் குறை என்று நாங்கள் எழுதியிருந்தது அந்தச் சத்தத்தோடு முடிந்தது.

அந்த வழக்குக்காக நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உங்கள் கடைசிக் கேள்விக்கும் அதுதான் பதில். அழுத்தும் லிவருக்குள் நகத்தளவு பல் ஒன்று, சிறு ஸ்பிரிங்கின் பலத்தில் பல்சக்கரத்தைக் கவ்வுகிறது. தூசி சேர்ந்து கிரீஸ் இறுகினால் பல் கவ்வாது. பார்க்கிறவருக்கு லிவர் செத்துவிட்டது போலத்தான் இருக்கும். முறுக்கும் கியரில் பாகங்கள் குறைவு. ஆனால் ஒயர் உள்ளே சட்டென்று வளைந்து போகும் இடத்தில் இழை இழையாக அறும், பிளாஸ்டிக் தேயும். பழைய காலத்து, க்ளிக் இல்லாத கட்டைவிரல் லிவர் உராய்வில் மட்டும் நிற்கிறது. உள்ளே கெட்டுப்போக அதிகம் இல்லாததால் பல வருடம் உழைக்கிறது, ஆனால் கியரை ஓட்டுகிறவர்தான் கையால் தேடிப் பிடிக்க வேண்டும். ரேஸ் சைக்கிளில் பிரேக்கோடு சேர்ந்து வரும் லிவரிலும் ஒயர் தலைக்குப் பக்கத்தில் அறுந்து, இழைகள் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆக ஒவ்வொரு வகைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒன்று மற்றதைவிடக் குறைவாக உழைக்கிறது என்பது சட்டப்படி குறைபாடு ஆகாது. நீங்கள் கொடுத்த விலைக்கு, சட்டமோ ஒப்பந்தமோ எதிர்பார்க்கும் தரத்தில் அது இருந்ததா என்பதே கேள்வி. "இந்த வகை இத்தனை வருடம் உழைக்கும்" என்று விளம்பரத்திலோ பில்லிலோ எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் எனக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் ஏமாற்றினார்கள் என்ற வார்த்தையே மனுவில் வேண்டாம்.

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற துண்டு கொஞ்சம் வளைந்திருந்தாலும் கியர் சரியாக விழாது. சைக்கிள் ஒரு முறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் போதும். உங்கள் மகன் ஒகேனக்கல் இறக்கத்தில் எப்போதாவது விழுந்தானா என்று எனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக அது வரும்.

மகன் உடம்பில் காயம் பட்டதாக நீங்கள் எதுவும் எழுதவில்லை. அப்படியானால், குறையுள்ள பொருளால் வந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும் தயாரிப்புப் பொறுப்பு என்ற அத்தியாயத்துக்குப் போக வேண்டாம். பொருளுக்கே வந்த சேதம், தீங்கு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் சேராது.

உங்களிடம் பலமான துருப்பு வேறு ஒன்று இருக்கிறது. 19 நாள் வைத்திருந்து சரிசெய்யாமல் திருப்பிக் கொடுத்தது சேவைக் குறைபாடு. அதற்கு ஆய்வகம் வேண்டாம். சைக்கிளை ஒப்படைத்த தேதியும் திருப்பி வாங்கிய தேதியும் தெரியும் சீட்டு போதும். வாட்ஸ்அப்பில் "ரெடியாச்சா அண்ணா" என்று கேட்ட செய்தி இருந்தாலும் அழிக்காதீர்கள். ஆனால் அந்தத் துருப்பை வைத்து 16,800 ரூபாயும் ஒரு லட்சமும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். லிவர் விலை, நீங்கள் மெக்கானிக்குக் கொடுத்த பணம், அலைச்சலுக்கு ஏதோ ஒரு தொகை. அதற்கு மாதக்கணக்கில் தையல் மெஷினை மூடிவிட்டு தருமபுரிக்கு நடப்பீர்களா?

அதனால் நேராகவே சொல்கிறேன்: கடை கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம். கடையின் லெட்டர்பேடில், புது லிவர், புது ஒயர், அதன் மேலுறையான அவுட்டர், மாட்டிச் சரிசெய்யும் கூலி எல்லாம் இலவசம் என்றும், புது லிவருக்கு ஆறு மாத உத்தரவாதம் என்றும் எழுதி, சீல் போட்டுக் கேளுங்கள். பழைய துண்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டோம் என்ற ரசீதுக்கு எதிராக மட்டும் கொடுங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். மகன் பத்து நாள் ஓட்டிப் பார்க்கட்டும்.

பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று காலத்தை விட்டுவிடவும் கூடாது. இதில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 69-ஆவது பிரிவு கொடுப்பது இரண்டு வருடம். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் அது நீளாது. குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட இடமுண்டு, ஆனாலும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்தே எண்ணுங்கள்: 2026 நவம்பர். அதற்குள் கடை எழுதிக் கொடுக்க மறுத்தால், சேவைக் குறைபாட்டை முதலில் வைத்து, சிறிய தொகை கேட்டு, தருமபுரி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். குடியிருக்கும் இடத்தில் போட 34-ஆவது பிரிவு இடம் தருகிறது, ஓசூருக்கு அலைய வேண்டாம். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. கடைக்குப் போகும்போது பில், வாரண்டி அட்டை, 19 நாள் சீட்டு மூன்றின் நகலையும் கொண்டுபோங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.