சென்ட்ரல் வேக்குவம் வாங்கும் முன்: டெல்டா வீடுகளுக்கான கேள்வி பதில்

கும்பகோணம்: கீழே 1,200, மேலே 900 சதுர அடி வீடு. செங்கல் கட்டு முடிந்தது, அடுத்த மாதம் பூச்சு. எத்தனை வாட் மோட்டார் வாங்கலாம் சார்?

மோட்டாரும் தூசுப் பெட்டியும் சேர்ந்த யூனிட் ஓரிடத்தில் இருக்க, சுவருக்குள் போகும் குழாய் வழியாக எல்லா அறைத் தூசையும் இழுப்பதுதான் சென்ட்ரல் வேக்குவம். மோட்டாரைக் குடிபுகுந்த பிறகும் வாங்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். சுவருக்குள் போன குழாயை அப்படி மாற்ற முடியாது. அதனால் குழாயிலிருந்து தொடங்குங்கள். ஹோஸ் வழக்கமாக 30 அடி, அதாவது 9 மீட்டர். 8 மீட்டர் கயிறு ஒன்றை வெட்டி, ஹோஸ் செருகும் வாய் வரவேண்டிய இடத்தில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கதவு வழியாகவும் கட்டிலைச் சுற்றியும் ஒவ்வொரு மூலைக்கும் இழுத்துப் பாருங்கள். எட்டாவிட்டால் வாயை நகர்த்துங்கள். உங்கள் வீட்டுக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு போதும்.

நாலரை இஞ்ச் சுவரில் காடி வெட்டவே வேண்டாம். 2 இஞ்ச் குழாய் புதைந்தால் சுவரில் பாதி போய்விடும். 9 இஞ்ச் சுவரில், அதுவும் நெட்டுக்குத்தாக மட்டும் வெட்டுங்கள். தளத்தைத் துளைக்கும்போது பீமைத் தொடக்கூடாது. குழாயோடு ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு கம்பி ஒயர் ஒன்றும் போட வேண்டும். மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் 24 வோல்ட் சுவிட்ச் இணைப்பு அதில்தான் போகிறது. பூச்சு முடிந்தபின் நினைவுக்கு வருவது இதுதான்!

மன்னார்குடி: எங்கள் பிளம்பர், கடையில் கிடைக்கும் 50 மி.மீ. தண்ணீர் பைப்பும் எல்போவும் போதும் என்கிறார்.

வேண்டாம் என்று சொல்லுங்கள். அமெரிக்க அளவு வேக்குவம் குழாயின் வெளிவிட்டம் 50.8 மி.மீ. இரண்டையும் கலந்தால் இணைப்பு தளர்ந்து காற்று கசியும். தண்ணீர் எல்போ சட்டென்று மடங்குவது. முடியும் நூலும் அங்கேதான் சுருண்டு அடைக்கும். வழி முழுக்க நீள வளைவுள்ள பெண்டு போட வேண்டும். குறுகிய எல்போவுக்கு ஒரே இடம், வாய்க்கு நேர் பின்னால். பேனாவோ தீக்குச்சியோ உள்ளே போனால் அங்கேயே மாட்டும், கையால் எடுத்துவிடலாம்.

அறுத்த முனையின் பிசிறை உள்ளும் புறமும் கத்தியால் வழிக்கச் சொல்லுங்கள். சால்வென்ட் சிமெண்டைக் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் தடவ வேண்டும். ஃபிட்டிங்கின் உள்ளே தடவினால், குழாயைத் தள்ளும்போது பசை உள்ளே வழிந்து வரப்புக் கட்டிவிடும். குப்பை தங்க அது போதும். குழாய் கிளை பிரியும் ஒய் (Y) வடிவ இணைப்பின் வளைவு மோட்டார் இருக்கும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

தஞ்சாவூர்: ஏர்வாட் என்று போடுகிறார்களே, அதை நம்பலாமா?

உறிஞ்சும் திறனின் அளவுதான் ஏர்வாட். மோட்டார் இழுக்கும் மின்சார வாட்டைவிட அது நம்பகமானது. நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பதை உறிஞ்சலால், அதாவது நீரை எத்தனை இஞ்ச் உயரத்துக்கு இழுக்கும் என்பதால் பெருக்கி, சுமார் 8.5 ஆல் வகுத்தால் ஏர்வாட். ஆனால் விளம்பரத் தாளில் இருக்கும் இரண்டு உச்ச எண்களையும் நீங்களே பெருக்கிவிடாதீர்கள். உச்ச உறிஞ்சல் வருவது வாய் அடைத்திருக்கும்போது. அப்போது காற்றோட்டமே இல்லை. உச்சக் காற்றோட்டம் வாய் முழுதும் திறந்திருக்கும்போது. இரண்டும் சேர்ந்து ஒருநாளும் கிடைக்காது.

மயிலாடுதுறை: மருமகன் அமெரிக்காவிலிருந்து ஒரு யூனிட் கொண்டுவருகிறேன் என்கிறார்.

அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் எரிந்துவிடும். 1,500 வாட் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.வுக்குக் குறையாத டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்தப் பாரம் வீட்டில் எதற்கு? ஹோஸ், பிரஷ் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், அளவு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு. இங்கே வாங்கும் யூனிட்டுக்குத் தனி லைன், 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. ஒயர், நல்ல எர்த். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்ட முயல வேண்டாம்.

திருவாரூர்: தை அறுவடையில் வீடெல்லாம் உமித்தூசு. கோலமாவு, விபூதி, ஹோமச் சாம்பல் எல்லாம் இழுக்குமா அண்ணா?

உமியும் கருக்காயும் சுலபம். தொல்லை கோலமாவும் விபூதியும்தான்: நைசான பொடி, துணி ஃபில்டரின் கண்ணை அடைத்துவிடும். பை போடும் யூனிட்டாக வாங்குங்கள், கழற்றும்போது தூசு முகத்தில் அடிக்காது. ஹோமச் சாம்பலை அன்றைக்கே இழுக்காதீர்கள். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். காற்று பட்டதும் கனன்று பையோடு எரியும். ஈரம் எதையும் இழுக்கக்கூடாது.

நாகப்பட்டினம்: யூனிட்டை எங்கே மாட்டுவது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றிருக்கிறதோ அந்த மட்டத்துக்கு மேலே. மாடிப்படிக்குக் கீழே என்றால் பெட்டிபோல் மூடிவிடாதீர்கள், மோட்டார் சூடேறும். கழிவுக் காற்றுக் குழாயை வெளியே விட்டு, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, தூக்கி மூடும் மடல் வையுங்கள். நெருக்கமான வலை கட்டினால் தூசு அடைக்கும்.

பாபநாசம்: முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. போடலாமா?

சுண்ணாம்புச் சுவரை வெட்டாதீர்கள். ஒரு நல்ல சாதாரண வேக்குவம் க்ளீனர் போதும் அம்மா.

திருத்துறைப்பூண்டி: போட்டு மூன்று வருடம். இப்போது இழுப்பே இல்லை.

முதலில் பை, ஃபில்டர். சரியாக இருந்தால் யூனிட் அருகே குழாயைக் கழற்றி, ஓடவிட்டு உள்ளங்கையை வையுங்கள். அங்கே பலமாக இழுத்தால் மோட்டாரில் குறையில்லை. பிறகு வாய் வாயாக ஹோஸைச் செருகிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் இழுப்பில்லையென்றால் அடைப்பு அந்தக் கிளையில். எல்லா வாயிலும் குறைந்திருந்தால் ஏதோ ஒரு வாயின் மூடியில் ரப்பர் காய்ந்து காற்று கசியலாம். விளிம்பில் டிஷ்யூத் தாளைப் பிடித்தால் தாள் ஒட்டிக்கொள்ளும் மூடிதான் குற்றவாளி. அடைப்பை எடுக்கக் கம்பியை விடாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளும். அந்த வாயில் வேறொரு வேக்குவம் க்ளீனரின் குழாயை வைத்துத் துணியால் சுற்றிப் பிடித்து, சென்ட்ரல் யூனிட்டை நிறுத்திவிட்டுப் பின்னோக்கி இழுங்கள்.