மறுநாள் காலையில் யார் நடந்தார்கள்?

கேள்வி: ஊர்வலம், மறியல், உண்ணாவிரதம் இதனாலெல்லாம் உண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா? 2003-இல் ஈராக் போர் வேண்டாம் என்று உலகமே தெருவுக்கு வந்தது. போர் நின்றதா? கத்திவிட்டு வீட்டுக்குப் போவதுதானே வழக்கமாக நடக்கிறது?

பதில்: வலுவான உதாரணத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். மழுப்பப் போவதில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன், ரோம், மாட்ரிட் என்று நூற்றுக்கணக்கான நகரங்களில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள். மார்ச் 20-இல் போர் தொடங்கிவிட்டது.

ஆனால் இடையில் நடந்த ஒன்றை விட்டுவிட்டீர்கள். துருக்கி வழியாக ஈராக்குக்குள் இறங்க அமெரிக்கப் படைக்கு அனுமதி தரும் தீர்மானம் மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, எந்தப் பக்கமும் சேராதவர்கள் 19. அவையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும்; அது கிடைக்காமல் தீர்மானம் விழுந்தது. வாக்கெடுப்பு நடந்த அன்று தலைநகர் அங்காராவின் தெருக்களில் பல்லாயிரம் பேர் நின்றார்கள். அவர்களால் மட்டுமே விழுந்தது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நின்றது வீண் என்று நீங்களும் சொல்ல முடியாது.

சரி, போர் ஏன் நிற்கவில்லை? ஊர்வலம் போனவர்கள் மறுநாள் வேலைக்குப் போனார்கள், வரி கட்டினார்கள். ஆட்சியில் இருந்தவர்களுக்கு ஒரு நாள் சங்கடம், அவ்வளவுதான். அவர்கள் கையை விட்டு எதுவும் போகவில்லை.

இதோடு அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பேருந்தில் கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைக்கும் சட்டம் அங்கே இருந்தது. 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதானார். தையல் வேலை பார்த்துக் களைத்துப்போன ஒரு பெண்ணுக்குத் திடீரென்று வந்த துணிச்சல் என்றே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். தவறு. பார்க்ஸ் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் பல ஆண்டுகள் செயலாளராக உழைத்தவர். அந்த ஊரின் பெண்கள் அரசியல் மன்றம், பேருந்துப் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தது.

கைதுச் செய்தி கிடைத்த இரவில் மன்றத் தலைவி ஜோ ஆன் ராபின்சன் தூங்கவில்லை. தான் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் போய், இரண்டு மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பேருந்தைப் புறக்கணிக்கச் சொல்லும் துண்டறிக்கையை சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஓட்டினார். ஒரே தாளில் மூன்று பிரதி, அப்புறம் வெட்டிப் பிரித்துக் கட்டு கட்டுவது. விடிவதற்குள் பல்லாயிரம் துண்டறிக்கைகள் தயார். திங்கட்கிழமை பேருந்துகள் காலியாக ஓடின.

புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்பதால் அடி நேராகக் கல்லாவில் விழுந்தது. சுமார் 300 கார்களை வைத்து மக்களே முறைபோட்டு ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். கார்களின் காப்பீடு ரத்தானபோது லண்டனில் இருந்து வேறு காப்பீடு வாங்கினார்கள். இந்தக் காப்பீட்டு விவகாரம் எந்த மேடைப் பேச்சிலும் வராது. ஆனால் போராட்டம் உயிரோடு இருந்தது இதுபோன்ற வேலைகளால்தான்.

சட்டத்தை மாற்றியது நீதிமன்றம்தானே என்று நீங்கள் கேட்கலாம். வழக்குப் போட்டவர்கள் யார்? பேருந்தில் அவமானப்பட்ட பெண்கள். ஒருவர் மிரட்டலால் விலகிக்கொண்டார், நால்வர் நின்றார்கள். அதில் கிளாடெட் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில் இதே போல் எழுந்திருக்க மறுத்துக் கைதானவர். 1956 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

கத்திவிட்டு வீட்டுக்குப் போவது என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் 21 அன்று அவர்கள் விரும்பிய இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். ஒரு வாரத்துக்குள் பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடு. ஒரு கர்ப்பிணியின் கால்களில் குண்டு பாய்ந்தது. மாலைப் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியபோது, அதே மக்கள் மறுபடியும் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.