தெரிந்த முகம் ஏன் ஒரு மாதிரிக் கிடக்கு? – கேள்வி பதில்

பேய்ப்பயமும், தெரிஞ்ச ஒண்டு "ஒரு மாதிரிக் கிடக்கு" எண்டு தோணுறதும் ஒண்டுதானா? (வெல்லாவெளி)

இல்லை. பாம்பைக் கண்டால் பயம் வரும். ஆபத்து எதுவென்று அப்போது தெளிவாகத் தெரியும். "ஒரு மாதிரிக் கிடக்கு" என்று நாம் சொல்வது வேறு. அங்கே ஆபத்து எதுவும் கண்ணில் படாது, "இது அதுதானா?" என்ற கேள்விக்கு மனம் விடை காணாமல் நிற்கும். உங்கள் வயல் வெருளியையே பாருங்கள். பழைய சேட்டு, தலைக்குக் கவிழ்த்த பானை, எல்லாம் நீங்களே கட்டியவை. மைமல் நேரத்தில் காற்றுக்கு ஒரு கை மட்டும் அசைந்தால், கட்டியவருக்கே நெஞ்சு திக்கென்கிறது. ஜெர்மன் மனநல மருத்துவர் யென்ட்ஷ் 1906இல் இதைத்தான் எழுதினார்: உயிர் உள்ளதா இல்லாததா என்ற ஐயம் தீராத இடத்தில் இந்த உணர்வு பிறக்கிறது. 1919இல் உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்ட் இன்னொன்றைச் சேர்த்தார்: பழகியதாக இருந்து உள்ளே அமுக்கப்பட்ட ஒன்று திரும்பி வருவதே இது என்றார். என் பார்வையில் அன்றாட வாழ்வுக்கு யென்ட்ஷ் சொன்னதே கூடுதலாகப் பொருந்துகிறது.

உடுப்புக்கடை வச்சிருக்கன். புதுசா எடுத்த பொம்மைகளக் கண்டா சின்னப் புள்ளைகள் அழுகுதுகள். பழைய பொம்மைக்கு அழல்லையே, ஏன்? (கல்முனை)

பழைய பொம்மை பொம்மையாகவே இருந்தது. புதியது மனிதனுக்கு மிக நெருங்கிவந்து, கடைசி அடியில் தவறிவிட்டது. ஜப்பானிய ரோபோப் பொறியியலாளர் மசாஹிரோ மோரி 1970இல் இதை ஒரு பள்ளமாக விவரித்தார்: உருவம் மனிதரைப் போல ஆக ஆக நமக்குப் பிடித்துக்கொண்டே போகும், முழு மனிதராவதற்குச் சற்று முன் அந்தப் பிடிப்பு சட்டென்று விழும். பெரும்பாலும் குழப்புவது, பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமைதான். கண்ணாடிக் கண்ணும் ஒட்டிய இமைமயிரும் நிசம் போல. தோலோ பிளாஸ்டிக் மினுக்கம்.

முகத்தைக் கடைவாசலுக்கு நேரே வைக்காதீர்கள். பிள்ளையின் கண் மட்டத்தில் அந்தக் கண் படக்கூடாது. மினுக்கத்தைப் பளிச்சென்று காட்டும் மேல்விளக்கைத் தள்ளிவையுங்கள். கண்ணில் நிறம் உரிந்த பொம்மையை அன்றைக்கே உள்ளே எடுங்கள். இனி வாங்குவதென்றால் தலையில்லாததோ, கண் மூக்கு வரையாத முட்டைத் தலையோ நல்லது.

அப்படியெண்டா கூத்தில அரசனுக்கு அவ்வளவு அரிதாரம் பூசியும் ஏன் அப்பிடி இல்ல? (கன்னன்குடா)

கூத்து மனிதனைப் போலக் காட்ட முயல்வதில்லை. முடியும் உடுப்பும் பூச்சும் ஆட்டமும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை. ஒவ்வாமை இல்லாத இடத்தில் அந்த உணர்வும் இல்லை.

அப்பாட 31ஆம் நாளுக்கு அவர்ட படத்த ஏஐ-யால சிரிக்க வச்சு வீடியோ செய்தம். அம்மா பாத்திட்டு எழும்பிப் போயிட்டா. நாங்க என்ன பிழை விட்டம்? (திருக்கோவில்)

அன்பில் பிழை இல்லை. அம்மா அந்த முகத்தை வருடக்கணக்காக அருகிலிருந்து பார்த்தவர். வெளியாள் கவனிக்காததை அவர் கண் உடனே பிடிக்கும். பொதுவாகத் தவறுவது இவைதான்.

பல். வாய் மூடிய அடையாள அட்டைப் படத்தில் பல் கிடையாது. செயலி யாரோ ஒருவருடைய ஒழுங்கான பல்வரிசையைக் கற்பனையாக வைக்கிறது. அப்பாவுக்கு முன்பல்லில் இடைவெளி இருந்திருந்தால், அந்த ஒரு கணத்தில் அவர் வேறு ஆளாகிவிடுகிறார்.

கண். உண்மையான சிரிப்பில் கன்னம் உயர்ந்து கண்ணின் கீழ்ப்பகுதி சுருங்கும். செயலியில் பல வேளை உதடு மட்டுமே விரியும். இமைப்பதும் அளந்தாற்போல் சம இடைவெளியில் வந்தால் உயிர் தெரியாது.

தோல். சுருக்கத்தையும் தழும்பையும் மழுக்கிவிடும்.

அடுத்த திவசத்துக்குச் செய்வதென்றால், படத்தை அசைக்காமல் மெதுவாகக் கிட்டே கொண்டுவந்து, அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவு இருந்தால் அதைச் சேருங்கள். அது அவருடைய சொந்தக் குரல். அசைக்கத்தான் வேண்டுமென்றால் வாய் மூடியபடி, 2, 3 செக்கனுக்குள், சிறு தலையசைவோடு நிறுத்துங்கள். குரலைச் செயற்கையாக உருவாக்க வேண்டாம். முதலில் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்குக் காட்டுங்கள். சபை நடுவே அம்மாவுக்கு முதல் தடவையாகக் காட்டவே கூடாது.

கரண்ட் போன நேரம் குப்பி விளக்கோட கண்ணாடியப் பாத்தா முகம் மாறுது. மெய்யா? (ஆரையம்பதி)

மாறுவது மெய், மாற்றுவது மூளை. இத்தாலிய ஆய்வாளர் கப்பூட்டோ 2010இல் 50 பேரைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தினார்: 40 சென்ரிமீற்றர் தூரம், முதுகுக்குப் பின்னால் 25 வாட் குமிழ், 10 நிமிடம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே தொடங்கியது. 66 வீதமானோர் தம் முகம் பெரிதாகக் கோணுவதைக் கண்டனர். சிலருக்கு முன்பின் தெரியாத முகமே தெரிந்தது.

காரணம்: ஒரே புள்ளியைப் பார்த்தபடி இருந்தால் சுற்றியுள்ளவை மங்கி மறையும். சுவிஸ் மருத்துவர் ட்ரொக்ஸ்லர் 1804இலேயே இதைக் கண்டுசொன்னார். மங்கிய இடங்களை மூளை தன் ஊகத்தால் நிரப்புகிறது. கண்ணைச் சற்று நகர்த்துங்கள், அல்லது விளக்கை முகத்துக்கு முன்னால் கொண்டுவாருங்கள், நின்றுவிடும். சரியாக நித்திரை இல்லாதவர்களும், இல்லாத குரல்கள் காதில் கேட்கும் நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வகுப்பில ஒரு சொல்ல நூறு தரம் எழுத வச்சா, பொறகு அது பிழையா எழுதின மாதிரித் தெரியுது எண்டு புள்ளைகள் சொல்றாங்க. (ஏறாவூர்)

பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக் நோபல் பரிசை 2023இல் பெற்றது. எழுதியவர்களில் பலருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் சொல் அந்நியமானது. எழுத்து கையில் ஓட, பொருள் கழன்றுவிடும். ஐந்து தரம் எழுதி, வசனத்தில் ஒரு தரம் வைப்பது கூடுதல் பலன் தரும்.

வயசான உம்மா என்னப் பாத்து "நீ என்ட மகள் இல்ல, அவள மாதிரி வேசம் போட்டு வந்திருக்காய்" எண்டு சொல்றா. போன்ல கதைச்சா மட்டும் நம்புறா. (காத்தான்குடி)

தங்கச்சி, இது உங்கள் மேல் உம்மாவுக்குள்ள வெறுப்பு இல்லை. 1923இல் பிரெஞ்சு மருத்துவர் கப்கிரா விவரித்த நிலையாக இருக்கலாம். ஒரு முகத்தைக் கண்டதும் "யார்" என்று அறியும் வழி ஒன்று. "என்னவள்" என்ற நெருக்கத்தைத் தரும் வழி இன்னொன்று. இரண்டாவது அறுந்தால் முகம் சரியாகத் தெரியும், நெருக்கம் வராது. குரல் வேறு பாதையால் போவதால், போனில் நம்புவது சிலரிடம் காணப்படுவதே.

வாதாட வேண்டாம், அடையாள அட்டையைக் காட்டி நிரூபிக்கவும் வேண்டாம், சந்தேகம் கூடும். அறைக்குள் நுழைய முன் வெளியே நின்று கதைத்து, குரலை முதலில் போகவிடுங்கள். திடீரென்று ஓரிரு நாளில் தொடங்கியதென்றால் தாமதிக்காதீர்கள்: சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், தலையில் அடி, புதிய மருந்து, எதுவும் காரணமாகலாம். எடுக்கிற மருந்துகள் எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு, எந்த நேரத்தில் கூடுகிறது என்று குறித்துக்கொண்டு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். "வேசக்காரி" என்று அடிக்க வந்தால் தனியே நிற்காதீர்கள். கத்தி, உலக்கை போன்றவற்றைக் கைக்கெட்டாமல் வையுங்கள்.

அவ இப்ப கண்ணாடிக்குள்ள ஒரு பொம்புள நிக்கிறா எண்டும் சொல்றா. (அதே சகோதரி)

உம்மாவுக்கு முதுமையில் வரும் மறதிநோய் இருந்தால் இதுவும் வரலாம். அலுமாரிக் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். மைமலுக்கு முன்னமே விளக்கைப் போட்டு யன்னல் சேலையை இழுத்துவிடுங்கள். இருட்டினால் யன்னல் கண்ணாடியும் முகம் காட்டும். இதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.