வாசகர் கேள்வி பதில்: மிச்சக் கத்தரிக் கன்றை என்ன செய்வது?

கேள்வி: வயது 51. கொழும்பில் 26 வருடம் தனியார் நிறுவன வேலை. அதை விட்டுவிட்டு கொக்கட்டிச்சோலைப் பக்கம் அம்மம்மாவின் வளவுக்குத் தனியே வருகிறேன். அரை ஏக்கர், ஒரு கிணறு, பழைய கல்வீடு. தோட்டமும் கோழியும் எண்ணம். ஊரில் யாரையும் தெரியாது. எதில் தொடங்குவது?

பதில்: ஆவணியில் வாருங்கள். கூரை, கிணறு, வேலி மூன்றையும் மழைக்கு முன் முடியுங்கள். தோட்டத்துக்கு அவசரப்பட வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் படுவான்கரை (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) வளவுகளில் தண்ணீர் நிற்கும். ஐப்பசியில் நட்ட கத்தரி வேரழுகிப் போகும். வேலையை விட்ட பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்தக் காசில் வீட்டைப் பெருப்பிக்காதீர்கள். ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவை முதலில் ஒதுக்குங்கள். முதல் தோட்டம் சோறு போடாது.

மார்கழிக் கடைசியில் கத்தரிக்கு நாற்றுமேடை போடுங்கள்: 3 அடிக்கு 3 அடி, அரை அடி உயரம். வைக்கோலையும் உமியையும் மேலே பரப்பி எரித்தால் மண்ணிலுள்ள பூஞ்சணம் சாகும். ஆறிய பிறகு 4 அங்குல இடைவெளியில் வரிசையாக விதையுங்கள். தண்ணீர் காலையில்தான். பின்னேரம் ஊற்றி மேடை இரவெல்லாம் ஈரமாகக் கிடந்தால் கன்று தண்டடியில் அழுகி விழும். 4 கிழமையில் நடலாம். வரிசைக்கு வரிசை 3 அடி, கன்றுக்குக் கன்று 2 அடி.

ஒரு ஆளுக்கு 20 கத்தரிக் கன்று தாராளம். மேடையில் நூறாவது நிற்கும். மிச்சத்தை ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் தாழ்ந்த பிறகு அயல் வீடுகளுக்குக் கொண்டு போங்கள். காசு வாங்க வேண்டாம். கன்று பிடித்ததா என்று பார்க்கிற சாட்டில் அடுத்த கிழமையும் அந்தப் படலையைத் திறக்கலாம்.

கோழியில் இதற்கு நேர்மாறு: வாங்குகிற ஆளாக இருங்கள். சேவல் நிற்கிற வீட்டில் முட்டையும், அடைக்கோழியையும் கேளுங்கள். குஞ்சில் பாதி அவர்களுக்கு. 7 நாளுக்கு உட்பட்ட முட்டை, கழுவாதது, குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதது. ஒரு ஊர்க்கோழிக்கு 10 முதல் 12 போதும். கூடினால் ஓரத்து முட்டை குளிர்ந்து கெடும். 7ஆம் நாள் இருட்டறையில் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்பு தெரியாத முட்டையை எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் பொரிக்கும். கூட்டை நிலத்திலிருந்து 3 அடி உயர்த்துங்கள், கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி. கம்பிவலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும், பெரிய கண்ணுக்குள்ளால் பாம்பு நுழையும்.

ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தைத் தவறவிடாதீர்கள். அந்தக் குப்பி நூறு கோழிக்கு மேல் போதும். கரைத்துவிட்டால் இரண்டொரு மணித்தியாலத்தில் முடிக்க வேண்டும், உங்களிடம் நிற்பதோ ஆறு கோழி. அரச மிருக வைத்தியரிடம் நாள் கேட்டு, ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டுக்கும் முதல்நாளே சொல்லுங்கள். விடியற்காலை கூடு திறக்கும் முன் பிடிப்பது சுகம். அந்த ஒரு காலையில் கிடைக்கிற பழக்கம் ஆறு மாதம் திண்ணையில் இருந்தாலும் கிடைக்காது.

“நீங்க என்ன குடி?” என்று கட்டாயம் கேட்பார்கள். துருவுகிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம். குடி என்றால் பரம்பரைக் குழு, மட்டக்களப்பில் அது தாய்வழி. அம்மம்மாவின் குடிதான் உங்களுடையதும். அது தெரிந்தால்தான் உங்களை அக்கா என்பதா மச்சாள் என்பதா என்று அவர்களுக்குப் பிடிபடும். வரமுன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று: யானை வருகிற ஊர் என்றால் நெல்லையும் உப்பையும் படுக்கிற அறையில் வைக்காதீர்கள், மணத்துக்குச் சுவரை இடிக்கும். இரவில் யார் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பது என்பதை வந்த கிழமையே பேசி முடியுங்கள்.

கேள்வி: கட்டாரிலிருந்து 55 வயதில் திருக்கோவிலுக்குத் திரும்பியிருக்கிறேன். தேடி வருகிற எல்லோரும் கடன்தான் கேட்கிறார்கள். உண்மையான சிநேகிதம் எப்படிக் கிடைக்கும்?

பதில்: முதல் வருடம் கைக்கடன் யாருக்கும் இல்லை என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஆளுக்கு ஆள் மாற்றிச் சொன்னால்தான் பகை வரும். கொடுத்தே ஆகவேண்டிய இடமென்றால், திரும்பாவிட்டாலும் மனம் நோகாத தொகையைக் கொடுத்து மறந்துவிடுங்கள். சிறு சீட்டொன்றில் சேருங்கள். முதல் தடவைச் சீட்டுக் காசை எடுக்க வேண்டாம், புது ஆள் முதலில் எடுத்தால் பேச்சு வரும். செத்த வீட்டுக்கு அழைப்பு இல்லை, கேள்விப்பட்டதும் போங்கள். கதிரை இறக்குவதற்கும் தறப்பாள் கட்டுவதற்கும் அங்கே ஆள் எப்போதும் குறைவு. ஊர் மரண உதவிச் சங்கத்தில் இந்த மாதமே பெயரைப் பதிந்து, சந்தா கட்டிய துண்டைப் பத்திரமாக வையுங்கள்.