காயங்களை யார் எண்ணுவது?

அன்புள்ள ஐயா,

ஒரு நகராட்சியில் குற்றத் தடுப்பு, வன்முறைத் தடுப்புப் பணிகளுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கவுன்சிலர்கள், காவல்துறை, பள்ளிகள், இளைஞர் அமைப்புகள் எல்லோரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தோம். முதல் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தார்கள். இப்போது காவல்துறை அதிகாரி தனக்குப் பதிலாக யாரையாவது அனுப்பிவிடுகிறார். கவுன்சிலர்கள் கேமரா கேட்கிறார்கள். விழிப்புணர்வுப் பேரணி நடத்தியும் பயனில்லை. மக்கள் ஒத்துழைப்பதே இல்லை. அடிபட்டவர்கள்கூடப் புகார் தருவதில்லை. வன்முறையைக் குறைத்த நகரங்கள் என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ, அமெரிக்காவின் பாஸ்டன் என நிறைய முன்மாதிரிகளைப் படித்துவிட்டேன். எதைப் பின்பற்றலாம்? என் அதிகாரத்தின் கீழ் இல்லாத துறைகளை நான் எப்படி வழிநடத்துவது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் பொதுவாக இவ்வளவு மனம் திறந்து எழுதுவதில்லை. ஆனாலும் ஒரு வரி எனக்குக் கோபமூட்டியது. ‘மக்கள் ஒத்துழைப்பதே இல்லை.’ இதை இனி எந்தக் கூட்டத்திலும் சொல்லாதீர்கள்.

என் பெரியம்மா மகன், எனக்கு மூத்தவன், ஓர் இரவு முழங்கையில் ஆழமான வெட்டோடு வந்து நின்றான். நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். பதிவு மேசையில் இருந்த பெண், “எப்படி அடிபட்டுச்சு?” என்று கேட்டார். “கண்ணாடி மேல விழுந்துட்டேன்” என்றான். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். தையல் போட்டு அனுப்பினார்கள். வெட்டியது யார், எந்த முனையில், என்ன தகராறு என்று எல்லாமே அண்ணனுக்குத் தெரியும். மறுநாள் வேலைக்குப் போவதற்கும் அதே முனையைத்தான் அவன் கடக்க வேண்டும். புகார் கொடுத்தால் அங்கே அவனோடு நிற்க யார் வருவார்கள்? அதை யோசித்துத்தான் அவன் பொய் சொன்னான். சில நாள்கள் கழித்து அதே முனையில் இன்னொரு பையனுக்கு வெட்டு விழுந்தது. காவல்துறையைப் பொறுத்தவரை அதுதான் அங்கே நடந்த முதல் சம்பவம்.

உங்கள் ஊரிலும் அடிபட்டவர்கள் இப்படித்தான் யோசித்திருப்பார்கள். அவர்கள் பயத்தைக் குறைக்க உங்கள் குழு என்ன செய்தது? பேரணி நடத்தியது. வெட்டுப்பட்டவனுக்கு வன்முறை கெட்டது என்று எடுத்துச் சொல்ல வேண்டுமா?

பிரிட்டனில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்று ஒரு முக அறுவை மருத்துவர். உடைந்த தாடையைப் பொருத்துவதும், கண்ணாடிக் கோப்பையால் கிழிபட்ட முகத்தைத் தைப்பதும் அவர் தொழில். அடிபட்டுச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காவல்துறைக் கணக்கிலேயே ஏறவில்லை என்று 1980களில் அவர் செய்த ஆய்வில் தெரிந்தது. பிறகு வேல்ஸின் கார்டிஃப் நகரில், 1990களின் பிற்பகுதியில், மருத்துவமனை, காவல்துறை, நகராட்சி மூன்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவு மேசையில், தாக்கப்பட்டு வந்தவரிடம் எங்கே, எப்போது, எதைக் கொண்டு தாக்கினார்கள் என்று மட்டும் கேட்டு எழுதினார்கள். எங்கே என்றால் வார்டு எண் போதாது. எந்த மதுக்கூடம், எந்தத் தெருமுனை என்று வேண்டும். அடையாள விவரங்களை நீக்கிவிட்டு, காவல்துறையின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். எந்த முனையில் எந்த நேரத்தில் ரோந்து வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்தது. எந்த மதுக்கூடத்தின் உரிமத்தைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இதைப் போன்ற நகரங்களோடு ஒப்பிட்டு, 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. வன்முறையில் காயம்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுவது, அந்த நகரங்களின் போக்கோடு ஒப்பிட்டால், கார்டிஃபில் 42 சதவீதம் குறைவாக இருந்தது.

இந்த முறையில் ஒரு இடத்தில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெயர் கேட்கக் கூடாது. கேட்டாலும் மருத்துவமனைக்கு வெளியே போகக் கூடாது. கவுன்சிலர் கேட்டாலும், அமைச்சர் கேட்டாலும், உங்களையே மிரட்டினாலும் போகக் கூடாது. ஒருவர் பெயர் ஒரே ஒரு முறை கசிந்தால் போதும், அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் கண்ணாடி மேல்தான் விழுவார்கள். அல்லது காயத்தோடு வீட்டிலேயே கிடப்பார்கள். இந்தப் பொறுப்பை ஒரு சுற்றறிக்கையோடு முடித்துவிடாதீர்கள். படிவத்தில் பெயருக்கான கட்டமே இருக்கக் கூடாது. எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள தெருக்களின் விவரம் பொது அறிக்கையில் வரக் கூடாது; ஒரே ஒரு சம்பவம் என்றால் அது யார் என்று அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். உயிருக்கு ஆபத்தான குற்றத்தில் மருத்துவர் என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வது தனி வழி. அதையும் இந்தப் படிவத்தையும் ஒன்றாக்காதீர்கள்.

கொலம்பியாவின் காலி (Cali) என்ற நகரில் 1992இல் மேயரான ரொட்ரிகோ கெர்ரேரோ தொற்றுநோயியல் படித்த மருத்துவர். கொலைகள் எல்லாம் கடத்தல் கும்பல்களின் வேலை, நகராட்சியால் ஒன்றும் ஆகாது என்பதுதான் பேச்சாக இருந்தது. கொலைகளின் எண்ணிக்கையே ஒவ்வொரு துறையிடமும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. வாரந்தோறும் கூடி உட்கார்ந்து ஒரே கணக்குக்கு வந்தார்கள். வார இறுதிகளிலும், விடுமுறை நாள்களிலும், சம்பளம் கைக்கு வரும் நாள்களின் இரவுகளிலும் சாவு குவிந்திருந்தது. அதில் குடிக்குப் பெரும் பங்கு. மது விற்பனை நேரத்தைக் குறைத்தார்கள். அந்த நாள்களில் துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை போட்டார்கள். தடை இருந்த நாள்களில் கொலை விகிதம் 14 சதவீதம் குறைவாக இருந்ததாகப் பிற்பாடு ஓர் ஆய்வு காட்டியது. கும்பல்களை ஒழிக்கக் காத்திருந்தால் இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்க முடியுமா?

சரி, உங்கள் கேள்விகள். கேமராவைப் பற்றி நான் பேசப்போவதில்லை. எங்கே மாட்டுவது என்றே தெரியாதபோது என்ன பேச? கிளாஸ்கோவா பாஸ்டனா என்பதும் இப்போதைக்கு வேண்டாத ஆராய்ச்சி. இளைஞர் கொலைகளைத் தடுக்க பாஸ்டனில் 1996இல் தொடங்கிய வேலையில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். நகர இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்கள், சுமார் 1,300 பேர், இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதத்தோடு தொடர்புள்ளவர்கள் என்று முதலில் கண்டுகொண்டார்கள். பேரணிக்கு அவர்களில் ஒருவரும் வரமாட்டார். அங்கே கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆட்கள் மாறி வேலையைக் கைவிட்டதும் மீண்டும் ஏறின.

காவல்துறை அதிகாரி தான் வராமல் வேறு யாரையாவது அனுப்புகிறார் என்கிறீர்கள். அவருக்குத் தெரியாத எதையாவது அந்தக் கூட்டத்தில் நீங்கள் வைத்ததுண்டா? அவர் கொடுத்த எண்ணிக்கையையே படம் போட்டு அவருக்குக் காட்டியிருப்பீர்கள். தன் பதிவேட்டில் வராத காயங்கள் எந்த முனையில் விழுகின்றன என்று தெரிந்தால் எந்த நல்ல அதிகாரியும் வந்து உட்காருவார். வராதவரும் இருப்பார். தெருவிளக்கு, கடை மூடும் நேரம், இரவுப் பேருந்து, புதர் மண்டிய காலி மனை எல்லாம் உள்ளாட்சி தொடக்கூடிய விஷயங்கள்தானே? அவர் வரும்வரை அவற்றைச் செய்யுங்கள்.

இந்தச் சனிக்கிழமை இரவு உங்கள் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, பதிவு மேசையில் இருப்பவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். குடித்துவிட்டுக் கத்துகிறவர்களுக்கு நடுவே இன்னும் மூன்று கேள்விகள் கேட்க அவருக்கு நேரம் இருக்கிறதா, என்ன உதவி வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். படிவத்தை அவரோடு சேர்ந்து எழுதுங்கள். அப்புறம் அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கலாம். அந்தக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

அன்புடன்.