காபி காக்டெயிலில் ஓட்காவுக்குப் பதில் இனிப்பு ஷெர்ரி

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் எஸ்பிரசோ மார்ட்டினி (ஓட்கா, காபி லிக்கர் என்னும் இனிப்புக் காபி மது, எஸ்பிரசோ சேர்த்துக் குலுக்கும் காக்டெயில்) மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு கிளாஸ் முடிவதற்குள் தலை கனத்துவிடுகிறது. ஓட்காவைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். சர்க்கரை போட்ட ஆறிய காபியைப் போலச் சப்பென்று இருந்தது. இனிப்பு ஷெர்ரி என்னும் ஸ்பெயின் நாட்டுத் திராட்சை ஒயினை ஊற்றினால் சுவை கெடாமல் ஆல்கஹாலைக் குறைக்கலாம் என்கிறார்கள். எந்த ஷெர்ரியை, எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. ஓட்காவை எடுத்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். ஓட்காவுக்கென்று தனிச் சுவை அதிகம் கிடையாது என்றாலும், நாக்கில் உணரும் கனமும் தொண்டையில் இறங்கும் சூடும் பெரும்பாலும் அதனால்தான் வருகின்றன. 1980-களில் லண்டனின் சோஹோ பகுதியில் டிக் பிராட்செல் என்ற பார்டெண்டர் இந்தப் பானத்தை உருவாக்கியபோது அதற்கு வழங்கிய பெயரே ஓட்கா எஸ்பிரசோ என்பதுதான். ஆகவே ஓட்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவதைவிட, அதையும் காபி லிக்கரையும் சேர்த்தே விலக்கிவிட்டு, அவை இரண்டும் செய்த வேலையைத் தனியாகச் செய்யக்கூடிய ஒன்றை ஊற்றுவது நல்லது. இனிப்பு ஷெர்ரி அந்த வேலையைச் செய்யும்: அதில் இனிப்பு உண்டு, கனம் உண்டு, காபியோடு ஒட்டிப்போகும் உலர்திராட்சை, வால்நட் வாசனையும் உண்டு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 40 சதவீத ஓட்கா 50 மில்லி, 20 சதவீதக் காபி லிக்கர் 25 மில்லி என்று சேர்த்தால், கிளாஸில் இருக்கும் தூய ஆல்கஹால் 25 மில்லி. ஷெர்ரி வகைகளின் வலிமை 15 முதல் 22 சதவீதத்துக்குள் அடங்கும். 18 சதவீத ஷெர்ரி 60 மில்லி ஊற்றினால் தூய ஆல்கஹால் 11 மில்லிக்கும் சற்றுக் குறைவு, அதாவது பாதிக்கும் கீழே. கிளாஸ் நிறைந்தே இருக்கும் என்பதால் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது.

எந்த ஷெர்ரி என்ற கேள்வியில்தான் பலர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறியவன். முதல் முறை செய்தபோது, இனிப்பு ஷெர்ரி என்றாலே பெத்ரோ ஹிமெனெஸ்தான் என்று நினைத்து 60 மில்லியையும் அதிலேயே ஊற்றினேன். அறுவடை செய்த திராட்சையை வெயிலில் பரப்பி, கிட்டத்தட்ட உலர்திராட்சையாகும் வரை சுண்டவைத்துப் பிழிந்து செய்யும் ஒயின் அது. கிளாஸைச் சாய்த்தால் கறுப்பாக, மெதுவாக இறங்கும். நிமிர்த்திய பிறகும் பழுப்பு நிறப் படலம் ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். லிட்டருக்கு 400 கிராம் சர்க்கரை இருப்பதும் அதில் சாதாரணம். அந்தக் கணக்கில் 60 மில்லியில் 24 கிராம் சர்க்கரை சேர்ந்துவிட, காபியின் சுவடே இல்லாமல் பாகு குடித்தது போல் ஆகிவிட்டது.

கிரீம் ஷெர்ரிதான் எளிய வழி. பெயரைப் பார்த்துப் பால் ஏடு கலந்தது என்று நினைத்துவிடாதீர்கள்; அதில் பால் பொருள் எதுவும் இல்லை. ஒலோரோசோ என்னும் இனிப்பில்லாத கரும்பழுப்பு ஷெர்ரியோடு இனிப்பு ஷெர்ரியைக் கலந்து தயாரிப்பது அது. லிட்டருக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் 60 மில்லியில் 7 கிராம்தான் வரும். காபியின் கசப்பைத் தணிக்க அது போதும். கிரீம் ஷெர்ரி கிடைக்காவிட்டால் ஒலோரோசோ 40 மில்லி, பெத்ரோ ஹிமெனெஸ் 20 மில்லி என்று நீங்களே கலந்துகொள்ளலாம். எனக்கு இந்தக் கலவைதான் அதிகம் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இனிப்பைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டவும் குறைக்கவும் அதில் இடம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சர்க்கரைப் பாகை மட்டும் சேர்க்காதீர்கள். சமையல் ஷெர்ரி என்று விற்பதில் உப்பு கலந்திருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

செய்முறைக்கு வருவோம். 60 மில்லி ஷெர்ரிக்கு 40 மில்லி எஸ்பிரசோ. ஓட்கா போட்ட பானத்தில் கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் தாங்கும். இது ஏற்கெனவே வலிமை குறைந்தது என்பதால், ஐஸ் உருகி வரும் ஒவ்வொரு கரண்டித் தண்ணீரும் நாக்கில் தெரியும். எனவே கொதிக்கக் கொதிக்க எஸ்பிரசோவை ஐஸ் மேல் ஊற்றாமல், அதை ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து, ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் அந்தக் கிண்ணத்தை நிறுத்தி வையுங்கள். அதற்குமேல் வைத்தால் நுரை குறையும். பிறகு ஷேக்கர் நிறையப் பெரிய, நன்றாக உறைந்த ஐஸ் கட்டிகளைப் போட்டு, ஷெர்ரியையும் காபியையும் ஊற்றி, உப்பு இரண்டு மூன்று கல் மட்டும் சேர்த்து (கசப்பை அடக்க அது போதும்), 12 முதல் 15 விநாடி வரை பலமாகக் குலுக்குங்கள். குலுக்குவதில் தயங்கக் கூடாது, நுரை உங்கள் கைவலியில்தான் இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்து எடுத்த கிளாஸில் நுண்ணிய வடிகட்டி வழியாக ஊற்றினால், முதலில் கிளாஸ் முழுவதும் கலங்கிய பழுப்பாக இருக்கும். அரை நிமிடத்தில் கீழே கறுப்பும் மேலே வெளிர் நுரையுமாகப் பிரிந்துவிடும். ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டை நுரைக்கு மேலே பிடித்து முறுக்கினால் அதிலிருந்து தெறிக்கும் எண்ணெய், ஷெர்ரியின் உலர்பழ வாசனையைத் தூக்கிக் கொடுக்கும். ஐஸ் உருகிய தண்ணீரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இதன் வலிமை சுமார் 8 சதவீதம் வரும்.

எஸ்பிரசோ இயந்திரம் இல்லாதவர்கள் மோக்கா பாட் என்னும், அடுப்பில் வைக்கும் காபிப் பாத்திரத்தில் இறக்கிய கெட்டிக் காபியைப் பயன்படுத்தலாம். சுவையில் குறையிருக்காது, நுரை மட்டும் சற்று மெல்லியதாக நிற்கும்.

கேள்வி: ஷெர்ரி என்பது செர்ரிப் பழத்திலிருந்து செய்வதுதானே?

பதில்: இல்லை. தமிழில் எழுதும்போது ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால் வரும் குழப்பம் இது. ஷெர்ரி முழுக்க முழுக்க வெள்ளைத் திராட்சை ஒயின்; தென் ஸ்பெயினில் ஹெரெஸ் நகரை ஒட்டிய பகுதியில், திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவேற்றிச் செய்கிறார்கள். ஹெரெஸ் என்ற ஊர்ப் பெயர் ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரியாகத் திரிந்தது. பெயரால் ஏமாற்றும் பானங்களுக்குக் காபி பக்கத்திலும் பஞ்சமில்லை: 1887-ல் அமெரிக்காவில் அச்சான பார்டெண்டர் கையேடு ஒன்றில் காபி காக்டெயில் என்றே ஒரு பானம் வருகிறது. அதில் போர்ட் ஒயின், பிராந்தி, முட்டை, சர்க்கரை எல்லாம் உண்டு, காபி மட்டும் கிடையாது. நிறம் காபியைப் போல் இருந்ததால் அந்தப் பெயர்.

கேள்வி: 8 சதவீதம்கூட எனக்கு அதிகம். இன்னும் குறைக்க முடியுமா?

பதில்: உயரமான கிளாஸில் நீர்க்கக் கலந்து குடியுங்கள். கிரீம் ஷெர்ரி 50 மில்லி, குளிர்ந்த நீரில் 12 மணி நேரத்துக்குமேல் ஊறவைத்து வடித்த கெட்டிக் காபி 50 மில்லி, டானிக் வாட்டர் என்னும் கசப்புச் சோடா 100 மில்லி. இதன் வலிமை 5 சதவீதத்துக்கும் குறைவு. ஐஸ் மேல் முதலில் டானிக்கையும், அடுத்து ஷெர்ரியையும் ஊற்றிவிட்டு, காபியைக் கடைசியாக, கரண்டியின் முதுகில் மெதுவாக விட வேண்டும். காபியின் மேல் டானிக்கை ஊற்றினால் பொங்கி மேஜையெல்லாம் வழியும்.

கேள்வி: சூடான காபியில் ஷெர்ரியை ஊற்றினால் ஆல்கஹால் ஆவியாகிவிடும் அல்லவா?

பதில்: ஆகாது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது உண்மைதான், ஆனால் தண்ணீரோடு கலந்த பிறகு அது அவ்வளவு சுலபமாகப் பிரிந்து போய்விடாது. கொதித்த திரவத்தில் மதுவைக் கலந்து அடுப்பிலிருந்து இறக்கிவிட்டால் அதில் 85 சதவீத ஆல்கஹால் தங்கிவிடும் என்று அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை சொல்கிறது. 15 நிமிடம் கொதிக்கவிட்டாலும் 40 சதவீதம் மிஞ்சும். கர்ப்பிணிகளும், மதுவோடு ஒத்துப்போகாத மருந்துகளை உட்கொள்பவர்களும் இந்த நம்பிக்கையில் குடித்துவிடக் கூடாது.

கேள்வி: காபியும் சேர்ந்திருப்பதால் போதை தெளிந்துவிடும், வண்டி ஓட்டலாம் என்கிறான் என் தம்பி. இரவில் குடித்தால் தூக்கமும் வருவதில்லை.

பதில்: தம்பியிடம் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காஃபீன் தூக்கக் கலக்கத்தை மறைக்குமே தவிர, ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலைக் குறைக்காது. குறைந்த ஆல்கஹால் பானமும் ஆல்கஹால் பானம்தான். தூக்கத்துக்கு வழி இருக்கிறது. காஃபீன் நீக்கிய காபித்தூளில் புதிதாக எஸ்பிரசோ இறக்கிப் பாருங்கள். நுரை எழுவதற்குக் காஃபீன் காரணமில்லை என்பதால் அதிலும் நுரை நன்றாகவே நிற்கும். திறந்த ஷெர்ரி பாட்டிலை மூடி, நிமிர்த்தி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் வரை சுவை மாறாது. ஒரே இரவில் தீர்த்துவிட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.