கார்டில் பீஜ், சுவரில் ரோஸ்: பெயின்ட் வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: ஹாலுக்கு இதமான பீஜ் (வெளிர் பழுப்பு) வேண்டும் என்று ஷேட் கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு கோட் அடித்து முடித்ததும் சுவர் முழுக்க லேசான ரோஸாகத் தெரிகிறது. கடைக்காரரோ கார்டைச் சுவரில் வைத்துக் காட்டி, அதே கலர்தான் என்கிறார். எங்கே தப்பு நடந்தது?

பதில்: கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பீஜ் என்பது ஒரே நிறம் இல்லை, ஒரு பெரிய குடும்பம். வெள்ளை பேஸில் (சாயம் சேர்க்காத அடிப்படை பெயின்ட்) மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கருப்பு போன்ற சாயங்களை மிகச் சிறிய அளவில் சேர்த்துத்தான் அதைக் கலக்குகிறார்கள். சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் ரோஸ் பக்கம் சாயும். மஞ்சள் தூக்கினால் கிரீம் பக்கம். மஞ்சளோடு கருப்பும் ஏறினால் மெல்லிய பச்சை வந்துவிடும். இந்த அடிச்சாயல் கார்டில் உள்ள சின்னக் கட்டத்தில் கண்ணுக்குப் படுவதே இல்லை. நாலு சுவரிலும் அடித்த பிறகு ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து மறுபடி திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சாயலைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வருகிறது. கார்டில் ஒளிந்திருந்த ரோஸ் ஹாலில் வெளியே வந்தது இப்படித்தான்.

அடிச்சாயலை முன்கூட்டியே பிடிக்க வழி இருக்கிறது. கார்டில் அந்தக் கட்டம் இருக்கும் அதே வரிசையின் அடர்ந்த நிறத்தைப் பாருங்கள். அது செங்கல் பக்கம் போகிறதா, காவிப் பக்கம் போகிறதா, பாசிப் பக்கம் போகிறதா என்று தெரியும். பெரும்பாலும் மேலே உள்ள இளநிறமும் அதே வழியில்தான் போகும். அப்புறம், பளிச்சென்ற வெள்ளைத்தாள் ஒன்றின் மேல் மூன்று நான்கு பீஜ் கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தனியாகப் பார்த்தபோது எல்லாமே ஒன்றுபோல இருந்தவை அங்கே தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

உங்கள் கேள்வியில் ஒரு தகவல் இல்லை: தரை என்ன நிறம்? பெயின்டை விட அதுதான் முக்கியம் என்பேன். நீலச் சாயலுள்ள சாம்பல் டைல்ஸ் போட்டிருந்தால், அதன் பக்கத்தில் எந்த பீஜும் உண்மையில் உள்ளதைவிடச் சிவந்துதான் தெரியும். பக்கத்தில் உள்ள நிறம் நம் கண்ணில் இன்னொரு நிறத்தை மாற்றிக் காட்டும். பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த மிஷெல் யூஜென் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கருப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் அதை அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, 1839-ல் அதை ஒரு விதியாகவே எழுதி வெளியிட்டார். உங்கள் கடைக்காரருக்கும் உங்களுக்கும் நடப்பது கிட்டத்தட்ட அதே வழக்குதான்.

ஆகவே தரை, கதவு, பெரிய சோபா என்று மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள். அவற்றின் சாயலோடு ஒத்துப்போகும் பீஜைத் தேடுங்கள். ரோஸ் சாயலுள்ள டைல்ஸுக்கு ரோஸ் சாயலுள்ள பீஜ் பொருந்தும். அங்கே பச்சைச் சாயலுள்ளதை அடித்தால் சுவர் அழுக்காகவும் டைல்ஸ் அதிகச் சிவப்பாகவும் தெரியும். இப்போது அடித்ததைச் சுரண்ட வேண்டியதில்லை. சுவர் சுத்தமாக, உரியாமல் இருந்தால் அதன் மேலேயே புதிய நிறத்தை இரண்டு கோட் அடிக்கலாம்.

கேள்வி: படுக்கையறைக்கு வடக்குப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். எப்போதும் மங்கலாக இருக்கும். மிக இளம் பீஜ் அடித்தால் வெளிச்சமாகிவிடுமா?

பதில்: நிறம் வெளிச்சத்தை உண்டாக்காது, வருவதைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். எவ்வளவு திருப்பும் என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஒரு எண் உண்டு. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. பல நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் இதைக் கொடுக்கின்றன, கேட்டு வாங்கிப் பாருங்கள். நாம் பீஜ் என்று சொல்பவற்றில் நிறைய 50-க்கும் 70-க்கும் இடையில் வரும். உங்கள் அறைக்கு 60-க்கு மேல் தேடலாம்.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அரிது. வானத்தின் நீல வெளிச்சம்தான் உள்ளே வரும். (தெற்கே தள்ளியிருக்கும் நாடுகளில் தெற்கு ஜன்னலுக்கு இந்த நிலைமை.) அந்த வெளிச்சத்தில் சாம்பலோ பச்சையோ கலந்த பீஜ் உயிரில்லாமல் போய்விடும். மஞ்சளும் சிவப்பும் கொஞ்சம் தெரிகிற பீஜ்தான் அங்கே இதமாக நிற்கும். கார்டில் சற்று அதிகமோ என்று தோன்றுவதே அந்த அறையில் சரியாக இருக்கும். மேற்கு அறைக்கு இதே நிறத்தை அடித்துவிடாதீர்கள், மாலை வெயிலில் ஆரஞ்சாகக் கொதிக்கும்.

ஜன்னலுக்கு வெளியே அடர்ந்த மரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இலையில் பட்டு வரும் வெளிச்சம் பச்சையாக வந்து சுவரில் உட்காரும். அங்கே லேசான ரோஸ் சாயல் கைகொடுக்கும்.

கேள்வி: சாம்பிள் டப்பா வாங்கிச் சுவரிலேயே ஓர் ஓரமாக அடித்துப் பார்த்தால் போதுமா? போனில் சுவருக்கு நிறம் காட்டும் ஆப் வேறு இருக்கிறதே?

பதில்: ஆப் பீஜா நீலமா என்று முடிவு செய்ய உதவும். எந்த பீஜ் என்பதற்கு உதவாது. ஒவ்வொரு திரையும் ஒரு மாதிரி காட்டும்.

சுவரில் நேரடியாக அடிப்பதிலும் சிக்கல் உண்டு. பழைய நிறம் சுற்றிலும் நின்று புதியதைத் திரித்துக் காட்டும். சாம்பிளை அட்டையில் அடிப்பதுதான் நல்லது. ஏ3 அளவுக்குக் குறையாத, கெட்டியான வெள்ளை அட்டை எடுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விளிம்பு விட்டு, நடுவில் இரண்டு கோட் அடியுங்கள். முழுக்கக் காயும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்ததும் வேறு, பெரும்பாலும் ஒரு படி அடர்ந்துவிடும்.

காய்ந்த அட்டையைத் தரையில் போட்டுப் பார்க்காமல் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். கிடக்கும் பரப்பில் விழும் வெளிச்சம் வேறு, நிற்கும் சுவரில் விழும் வெளிச்சம் வேறு. ஜன்னல் இருக்கும் சுவரில் வைத்தால் ஒரு நிறமாகவும், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைத்தால் வேறாகவும் தெரியும். காலை, நண்பகல், இரவு மூன்று நேரமும் பாருங்கள். முடிந்தால் இன்னோர் அட்டையும் அடித்து, இரண்டையும் அறை மூலையில் ஒன்றையொன்று பார்த்த மாதிரி நிறுத்துங்கள். அந்த மூலையில் தெரியும் நிறம்தான் நாளைக்கு அறை முழுக்க வரப்போகும் நிறத்துக்கு மிக அருகில் இருக்கும். மேலே ரோஸ் சுவரைப் பற்றிக் கேட்டவர் இதைச் செய்திருந்தால் ரோஸ் அங்கேயே எட்டிப் பார்த்திருக்கும்.

கேள்வி: பகலில் அழகாக இருக்கும் சுவர், இரவில் செத்துப்போன மாதிரி இருக்கிறது. வேறு நிறம் அடிக்கலாமா?

பதில்: முதலில் பல்பை மாற்றிப் பாருங்கள். பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலவெள்ளை, பீஜுக்கு ஆகாது. 2700 அல்லது 3000 வாங்குங்கள். கூடவே சி.ஆர்.ஐ. என்ற எண் 90-க்கு மேல் இருக்கட்டும், அதில்தான் நிறம் நிறமாகத் தெரியும்.

கேள்வி: மேட் நல்லதா, பளபளப்பு நல்லதா?

பதில்: பீஜ் இதமாகத் தெரிவது மேட்டில்தான், பட்டி பார்த்த சுவரின் மேடு பள்ளமும் அதில் மறையும். குழந்தைகள் கை வைக்கும் வழிநடையில் மட்டும் கழுவித் துடைக்கத் தாங்கும், லேசாகப் பளபளக்கும் சாட்டின் ஃபினிஷ் போடுங்கள். ஒரே நிறக் குறியீட்டு எண் என்றாலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியாது. அதனால் ஒரே சுவரில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கேள்வி: எங்களுக்குப் பிடித்த பீஜ் ஒரு நிறுவனத்தின் கார்டில் இருக்கிறது. அதையே இன்னொரு நிறுவன பெயின்டில் மலிவாகக் கலந்து தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். நம்பலாமா? எத்தனை லிட்டர் வாங்குவது?

பதில்: அடர் நீலத்திலோ சிவப்பிலோ சின்ன வித்தியாசம் பொறுத்துக்கொள்ளலாம். பீஜில் முடியாது. இதில் சேர்க்கும் சாயமே கொஞ்சம் என்பதால் ஒரு துளி ஏறினாலும் குறைந்தாலும் தெரியும். அதோடு இரண்டு நிறுவனங்களின் பேஸும் சாயங்களும் வேறு. கடை விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்து, வீட்டு வெளிச்சத்தில் பிரிந்துவிடலாம். மலிவு வேண்டும் என்றால் மலிவான நிறுவனத்தின் சொந்தக் கார்டிலிருந்தே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இல்லை, இந்த நிறம்தான் வேண்டும் என்றால் கலந்ததில் சின்ன டப்பா வாங்கி அட்டையில் பார்த்த பிறகு மீதியைச் சொல்லுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறைக்குச் சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்கு 4 கழித்தால் 38, இரண்டு கோட்டுக்கு 76. பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 7.6 லிட்டர். 8 வாங்குங்கள், சுவர் சொரசொரப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம். டின்னில் போட்டிருக்கும் பரப்பளவு பெரும்பாலும் ஒரு கோட்டுக்குத்தான், அதையும் கவனியுங்கள்.

முழு அளவையும் ஒரே நேரத்தில், ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்தவை என்று காட்டும் எண்) பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று டின் என்றால் பெயின்டரிடம் சொல்லி எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். டின்னுக்கு டின் இருக்கும் சின்ன வேறுபாடு அதில் கரைந்துவிடும், நடுச்சுவரில் நிறம் மாறாது. மூடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் நிறக் குறியீடு, பேஸ், சாயங்களின் அளவு எல்லாம் இருக்கும். பெயின்ட் வழிந்து எழுத்து மறைவதற்குள் அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.